கேஸ் எங்கே போகிறது? என் கார் ஏசியின் சேதாரக் கணக்கு

மூன்று வருஷம் தொடர்ந்து பங்குனி பிறந்ததும் என் காருக்கு ஏசி கேஸ் அடித்திருக்கிறேன். 2021, 2022, 2023. மூன்று பில்லும் டேஷ்போர்டுக்குள் கிடக்கின்றன, மூன்றிலும் ஒரே வரிதான்: கேஸ் ஃபில்லிங் – 1. ஒன்று என்றால் என்ன? ஒரு தடவையா, ஒரு டின்னா, ஒரு கிலோவா? எனக்கு வேலை கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு முந்திரி ஆபீஸில் கணக்கு எழுதுவது. எத்தனை மூட்டை கொட்டை வந்தது, உடைத்ததில் பருப்பு எவ்வளவு, தோடு எவ்வளவு, காய்ந்ததில் போன சேதாரம் எவ்வளவு என்று சாயங்காலத்துக்குள் கிலோ கணக்கில் நேராக வேண்டும். அங்கே போய் "கொட்டை – 1" என்று எழுதினால் முதலாளி நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். சொந்தக் காருக்கு மட்டும் மூன்று வருஷமாக அப்படி ஒரு பில்லை வாங்கி மடித்து உள்ளே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

2024 மாசியிலேயே கூலிங் குறைந்துவிட்டது. வண்டி ஓடும்போது ஓரளவு குளிரும், நாகர்கோவில் வடசேரி நெரிசலில் நின்றால் வெறும் காற்று. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் கிளட்ச் டக் டக் என்று அடிக்கடி பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. கேஸ் குறைந்தால் தெரிகிற அறிகுறிகளில் இதுவும் ஒன்று. வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, போன வருஷம் எவ்வளவு கேஸ் போட்டீங்க?"

"ஃபுல்லா போட்டேன் தம்பி."

"ஃபுல்லுன்னா எத்தன கிராம்?"

"கேஜ்ல முப்பத்தஞ்சு வந்தா ஃபுல்லாக்கும். இதெல்லாம் எதுக்கு கேக்கிய?"

அவர் மேல் தப்பில்லை, நம் ஊரில் பாதிப்பேர் கேஜ், அதாவது அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். ஆனால் அந்த முள்ளை நம்பி கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. வீட்டு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். 14.2 கிலோ முழுசாக இருக்கும்போதும் அடுப்பு அதே வேகத்தில் எரியும், அடியில் ஒரு கிலோ மிச்சம் இருக்கும்போதும் அதே வேகத்தில் எரியும். உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததில்லை. கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸும் அப்படியே. இன்ஜின் அணைந்து வண்டி ஆறிக் கிடக்கும்போது, 30 டிகிரி வெயிலில் கேஜ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் 97, 200 கிராம் இருந்தாலும் 97. ஏசியை ஓடவிட்டுப் பார்த்தால் முள் மாறும், ஆனால் அது கம்ப்ரஸர் சுற்றுகிற வேகம், வெளி வெயில், கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்ஸரின் ஃபேன், அந்தக் கண்டென்ஸரில் அடைந்திருக்கும் அழுக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற ஒரு எண். முப்பத்தைந்து என்பது அந்த நேரத்து நிலவரம், அவ்வளவுதான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அம்மா என்ன செய்வாள்? தூக்கிப் பார்ப்பாள். எடை ஒன்றுதான் வழி.

கார் ஏசியைத் தூக்கிப் பார்க்க முடியாது, அதனால் உள்ளே இருக்கும் கேஸை வெளியே எடுத்து எடை போட வேண்டும். அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, ஃபிரிட்ஜ் உயரத்தில், சிவப்பும் நீலமுமாக இரண்டு ஹோஸ் தொங்கும். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார்கள், போனேன். பானெட்டைத் திறந்து முன்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தேடினார் அங்கே இருந்த பையன். நான் அத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காத ஸ்டிக்கர். ஆர்-134ஏ, 400 கிராம், கூட்டல் கழித்தல் 20. பில்லில் வராத எண் எல்லாம் வண்டியிலேயே ஒட்டித்தான் இருந்திருக்கிறது.

மெஷின் உறிஞ்சி எடுத்து எடை காட்டியது: 230 கிராம். ஆகா, 170 கிராம் லீக் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன், உடனே எனக்கே உறைத்தது. போன வருஷம் 400 போட்டார்களா, 300 போட்டார்களா, 450 கிராம் டின்னை முழுசாகக் கவிழ்த்தார்களா? தொடக்க இருப்பு தெரியாமல் கடைசி இருப்பை மட்டும் வைத்துச் சேதாரம் கண்டுபிடிக்க முடியாது. இதை ஆபீஸில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சரி, இன்றைக்குத்தான் முதல் நாள் என்று வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் வாக்யூம் போட்டு, அதாவது உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டு, எடை வைத்துச் சரியாக 400 கிராம் ஏற்றினார்கள். தேதியை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பதினாலு மாதம் கழித்து 2025 ஏப்ரலில் அதே மெஷின். போகும்போதே ஏசியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுக் கொண்டுபோகச் சொன்னார்கள், ஏனென்றால் கம்ப்ரஸர் எண்ணெய் கொஞ்சம் கேஸைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், சூடு ஏறினால்தான் விடும். இந்தத் தடவை எடை 310 கிராம்.

400 போனது, 310 வந்தது, குறைவு 90. பதினாலு மாதத்துக்கு 90 என்றால் வருஷத்துக்கு 77 கிராம், மொத்தத்தில் 19 சதவீதம். இதோடு முடித்திருந்தால் நிம்மதி. ஆனால் எடைக்கல் மேலேயே சந்தேகம் வருகிற புத்தி எனக்கு. இந்த மாதிரி மெஷின்களுக்கு அமெரிக்கத் தரம் ஒன்று இருக்கிறது, ஜே2788 என்று பெயர். உள்ளே இருப்பதில் 95 சதவீதமாவது எடுக்க வேண்டும், ஏற்றும்போது 15 கிராமுக்கு மேல் பிசகக் கூடாது என்பது அதன் கணக்கு. நல்ல மெஷினே அப்படி என்றால், எடுக்காமல் உள்ளேயே தங்கியது ஒரு 15 கிராம் இருக்கலாம், முதலில் ஏற்றியதிலும் 15 கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். எல்லாம் போக, என் கார் வருஷத்துக்கு 50-லிருந்து 90 கிராம் வரை கசியவிடுகிறது என்பதுதான் நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய விடை. 77 என்று ஒற்றை எண்ணாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவு துல்லியம் அதில் கிடையாது. இடைவெளி கூடக் கூட இந்தப் பிசகு சிறிதாகும், ஒரு மாதத்தில் மறுபடி எடை போட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

இது அதிகமா, சாதாரணமா? உலக நாடுகள் பசுங்குடில் வாயுக் கணக்கு எழுதுவதற்கு ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006-ல் போட்ட வழிகாட்டியில், ஓடுகிற வண்டிகளின் ஏசியிலிருந்து வருஷத்துக்கு 10 முதல் 20 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். என் கார் அந்த வரம்பின் மேல் விளிம்பில் நிற்கிறது. ஐரோப்பாவில் 2006-ல் வந்த சட்டம் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் ஒன்று உள்ள புது வண்டிக்கு வருஷத்துக்கு 40 கிராம், இரண்டு காயில் இருந்தால் 60 கிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த மாடல் வருஷத்துக்கு எத்தனை கிராம் கசியும் என்று கம்பெனிகளே அறிவிக்க வேண்டும் என்று 2009 மாடலிலிருந்து கட்டாயமாக்கியது. அந்த எண்களை யாரும் வண்டியை வருஷம் பூராவும் எடை போட்டுக் கண்டுபிடிப்பதில்லை. எத்தனை ஜாயிண்ட், ஜாயிண்டை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் எந்த மாதிரி, ரப்பர் ஹோஸ் எத்தனை நீளம், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் எப்படிப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிராம் என்று போட்டுக் கூட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் தலைக்கு இத்தனை அரிசி என்று போடுகிற மாதிரி. புது வண்டிக்கு அது சரி. பத்து வருஷம் குளச்சல் உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கு அந்தக் கூட்டல் எப்படிப் பொருந்தும்?

எண் கிடைத்ததும் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டாமா. ஏற்கெனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் நானே சோப்புத் தண்ணி கரைத்து எல்லா ஜாயிண்டிலும் தடவிப் பார்த்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணினேன், ஒரு நுரையும் வரவில்லை. லீக்கே இல்லை என்றுதான் நினைத்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. வருஷத்துக்கு 77 கிராம் என்றால் நாளைக்கு 0.21 கிராம். அது கேஸாக வெளியே வரும்போது ஏறக்குறைய 50 மில்லி, இருமல் மருந்துக்கு வருகிற சின்ன பாட்டில் அளவு. மிளகு அளவு, அதாவது ஐந்து மில்லிமீட்டர் குமிழி என்று வைத்தால் நாளைக்கு எண்ணூறு குமிழி, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. அதுவும் எல்லாம் ஒரே ஓட்டையில் வந்தால். பத்து எண்ணிவிட்டு நகர்ந்தவன் கண்ணில் அது எப்படிப் படும்? சோப்புத் தண்ணி காட்டிக் கொடுப்பது கேஸ் ஒரே வாரத்தில் காலியாகிற பெரிய லீக்கைத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் இருந்தது எலக்ட்ரானிக் டிடெக்டர், முனையில் மூக்கு மாதிரி வளைந்த குழாய். நல்ல டிடெக்டர் வருஷத்துக்கு 4 கிராம் போகிற கசிவைக்கூட மோந்துவிடும். ஆனால் நம் மாவட்டத்தில் அதற்கு ஒரே எதிரி காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு முப்பந்தலில் காற்றாடி சுற்றுகிறது, இந்த ஊரில் திறந்தவெளியில் வைத்து மோந்து பார் என்றால் அது என்ன செய்யும். ஷட்டரை இறக்கினார்கள், ஃபேனை அணைத்தார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. 134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனம், அதனால் குழாய்க்கு மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது, அடியில் பிடிக்க வேண்டும். பையன் கம்ப்ரஸர் பக்கம் பிடித்தார், சத்தமில்லை. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் தண்ணீர் சொட்டுகிற குழாய் வாயில் பிடித்தார், சத்தமில்லை. கண்டென்ஸரில் அலுமினியப் பைப் சேர்கிற இடத்துக்குக் கீழே கொண்டுபோனதும் கிக் கிக் என்று லேசாகக் கத்தியது. அந்த ஜாயிண்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது, அப்பளக்கார மாவைக் கொட்டின மாதிரி. உப்புக் காற்று அலுமினியத்தில் செய்கிற வேலை. அப்புறம் லோ சைடில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்தில், கேஸ் அடிக்கிற வால்வுக்குக் கீழே பிடித்ததும் நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. அதன் மேல் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். இல்லை. எந்த வருஷமோ கேஸ் அடித்தவர்கள் கழற்றி வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். வால்வு உள்ளே இருக்கும் பின் கார் டயர் வால்வு மாதிரிதான், அது மட்டும் முழுசாக அடைக்காது, மூடியும் சேர்ந்துதான் அடைப்பு. வாயைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பி, மை தடவின மாதிரி ஒரு வளையம். கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், அதில் தூசி ஒட்டும். டிடெக்டரே வேண்டாம், கண் இருந்தால் போதும், மூன்று வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

பின், மூடி, கண்டென்ஸர் ஜாயிண்டுக்கு பச்சை ஓ-ரிங் இரண்டு. இவ்வளவுதான் சாமான். இதற்கு முந்தின வருஷம் வேறொரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டியபோது கண்டென்ஸரும் கம்ப்ரஸரும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள், அந்தக் காகிதமும் அதே டேஷ்போர்டில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு ஒரு குளிர்ச்சி, ஏசி போடாமலே.

இந்தக் கதையை என் மச்சானிடம் சொன்னேன். கன்னியாகுமரியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன், ஐந்து கார். அவன் சிரித்துவிட்டு, "அத்தான், எனக்கும் ஒரு கணக்கு போட்டுத் தாங்க" என்று பில் கட்டைக் கொண்டுவந்து போட்டான். சரி, ஒவ்வொரு வண்டியையும் மெஷினில் மாட்ட அவனுக்கு ஏது நேரம், குடோன் கணக்கு மாதிரிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வருஷ ஆரம்பத்தில் ஐந்து வண்டி, கடைசியிலும் அதே ஐந்து வண்டி, விற்றதும் வாங்கியதும் இல்லை, எல்லாவற்றிலும் கூலிங் முன்போலவே இருக்கிறது. அப்படியானால் அந்த வருஷம் வாங்கிய கேஸ் எவ்வளவோ அவ்வளவும் காற்றில் போயிருக்கிறது. நாடுகளும் பெரிய கம்பெனிகளும் பயன்படுத்துகிற முறைகளில் இதுவும் ஒன்று, பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

ஐந்து வண்டி ஸ்டிக்கரையும் கூட்டினால் 2.2 கிலோ. ஐபிசிசி சொல்கிற 10 முதல் 20 சதவீதம் போட்டால் வருஷத்துக்கு 220-லிருந்து 440 கிராம் போயிருக்க வேண்டும், அதாவது ஒரு டின் போதும். பில்லில் இருந்தது ஏழு டின். 450 கிராம் டின் ஏழு, 3 கிலோ 150 கிராம். டின்னில் மிச்சம் ஏதாவது திரும்பி வந்ததா என்று கேட்டேன், இல்லையாம்.

நான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். ஏழுதான். அந்த ஐந்து வண்டியும் அவ்வளவு ஓட்டையாக இருந்தால் அடிக்கடி ஏசி நின்றிருக்கும், அப்படி நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் அவன் வண்டிக்குக் கேஸ் அடிக்கும்போது கூடப் போனேன். பையன் வால்வில் ஹோஸை மாட்டினான், மறு நுனியைத் திறந்துவிட்டான். புஸ்ஸ்ஸ். ஒரு நிமிஷத்துக்கு மேலே. வெள்ளையாகப் புகை மாதிரி வந்து ஹோஸ் முனையில் பனி பிடித்தது. 134ஏ கொதிக்கிற வெப்பநிலை மைனஸ் 26 டிகிரி, விரலில் பட்டால் தோல் வெளுத்துப் போகும், அவன் ஒரு பழந்துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அதை ஏன் தம்பி திறந்து விடுறீங்க?"

"பழைய கேஸ் சார். அதுமேல போட்டா கூலிங் நிக்காது."

பழைய கேஸ் என்று ஒன்று கிடையாது. 134ஏ ஒற்றைப் பொருள், வருஷக் கணக்கில் சுற்றினாலும் ஊசிப்போகாது. ஈரமோ காற்றோ கலந்தால் அதை எடுத்துச் சுத்தம் செய்யலாம், மெஷின் அந்த வேலையையும் செய்யும். என் 310 கிராமும் அப்படித்தான் என் காருக்கே திரும்பிப் போனது, புதிதாக ஏற்றியது 90 கிராம்தான். மச்சான் வண்டியிலோ கசிந்து போனது 100 கிராமாக இருக்கும், அதற்காக மிச்சம் 300 கிராமையும் திறந்துவிட்டுப் புது டின் போடுகிறார்கள். ஏழு டின்னில் பெரும்பங்கு எங்கே போனது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டிடெக்டர் வைத்து வருஷத்துக்கு 4 கிராம் கசிவைத் தேடுகிறோம், ஒரே நிமிஷத்தில் 300 கிராம் நம் கண்ணெதிரே போகிறது, அதை யாரும் லீக் என்று சொல்வதில்லை, சர்வீஸ் என்கிறார்கள்.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பீர்கள். 134ஏ ஓசோனைக் கெடுக்காது, அதற்காகத்தான் பழைய ஆர்-12-ஐ எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் ஒரு கிலோ 134ஏ, 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய கணக்கு இது, 2021 ஐபிசிசி அறிக்கையில் 1530-க்கு ஏற்றிவிட்டார்கள். 1430 என்றே வைத்தாலும் என் காரின் 77 கிராம் 110 கிலோவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும், ஆக 48 லிட்டர். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிற என் வண்டியில் அது நாகர்கோவிலிலிருந்து சென்னை வரை போகிற பெட்ரோல். நான் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன், வண்டி எனக்குத் தெரியாமல் வருஷம் ஒருமுறை சென்னைக்குப் போகிறது. மச்சானின் ஏழு டின்னோ நாலரை டன்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் போட்ட உடன்படிக்கையை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது, அதன்படி 2028-ல் இந்த வகை கேஸ்களின் அளவு உயராமல் நிறுத்தப்படும், 2032-ல் பத்து சதவீதம் குறைக்க ஆரம்பிக்க வேண்டும், 2047-க்குள் 85 சதவீதம். ஐரோப்பாவில் 2017-க்குப் பிறகு புது கார் எதிலும் 134ஏ கிடையாது. கிடைப்பது குறையக் குறைய டின் விலை என்ன ஆகும் என்று கொட்டை வியாபாரம் பார்க்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மெஷின் லட்சக்கணக்கில் விலை, ஊருக்குள் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கிறவர் வாங்க முடியாது, வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. அதனால் போன மாதம் நம்ம மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போகும்போது, ஆபீஸில் பருப்பு சாம்பிள் பார்க்கிற பழைய டிஜிட்டல் தராசு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து கிலோ வரை பார்க்கலாம், ஒரு கிராம் வரை காட்டும். முதலில் சிரித்தார். அன்றைக்கு ஒரு பழைய டாக்ஸி வந்திருந்தது. கேஸைத் திறந்து விடாமல், டின்னைத் தராசில் வைத்து, ஹோஸில் இருக்கும் காற்றை மட்டும் லேசாக வெளியேற்றி, வண்டிக்குள் டெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். டிரைவர் உள்ளே இருந்து "போதும்ணே, குளிருது" என்றார். அண்ணன் வால்வை மூடிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தராசைக் குனிந்து பார்த்தார்.

"நூத்தி முப்பது" என்றார். "பில்லுல எழுதுங்க தம்பி, கிராம்னு சேத்து எழுதுங்க."